ஜான் சோர்னின் ‘கோப்ரா’: நான்கு பதிவுகள், எதிலிருந்து தொடங்குவது?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் சோர்ன் 1984-ல் நியூயார்க்கில் உருவாக்கிய ‘கோப்ரா’ என்ற இசைப் படைப்பில் ஒரு ஸ்வரம்கூட எழுதப்படவில்லை. தாளம், வாத்தியங்கள், எத்தனை பேர் வாசிப்பது, எவ்வளவு நேரம் என்று எதுவுமே தீர்மானிக்கப்படவில்லை. எழுதியிருப்பதெல்லாம் விதிகள்தான்: யார் எப்போது நுழையலாம், யார் நிறுத்த வேண்டும், யார் யாருக்கு உத்தரவு போடலாம், அந்த உத்தரவை யார் மீறலாம். ஒரே தாளில் அடங்கிவிடும் அளவுதான். அந்தத் தாளைச் சோர்ன் நீண்ட காலம் கடைக்கு அனுப்பவில்லை. வாசிக்க விரும்பும் குழுவுக்குத் தெரிந்தவர் நேரில் சொல்லிக்கொடுப்பது என்ற முறையில்தான் இது பரவியது.

இதனால் இசைத்தட்டு வாங்கிக் கேட்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. விதியும் தெரியாது, மேடையும் கண்ணில் படாது. காதில் விழுவது திடீர் திடீரென்று வெட்டப்படும் சத்தங்கள். பத்து நிமிடத்தில் பலரும் அணைத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் விளையாட்டையும் இசையையும் சேர்த்துச் செய்த முயற்சிகளில் இதைவிடக் கூர்மையானது இல்லை என்பேன். கேட்கும் முன் விதிகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். அதற்காகத்தான் இங்கே பதிவுகளோடு விதிகளையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். ‘கோப்ரா’ என்பது ஒரு போர்ப் பலகை விளையாட்டு. 1944 ஜூலை 25-ல் நார்மண்டியின் செயின்ட் லோ பக்கம் அமெரிக்கப் படை ஜெர்மானிய அணியை உடைத்துக்கொண்டு முன்னேறிய நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் கோப்ரா’ என்று பெயர். அதை வைத்து எஸ்.பி.ஐ. என்ற நியூயார்க் நிறுவனம் 1977-ல் விளையாட்டை வெளியிட்டது, பின்னர் டி.எஸ்.ஆர். என்ற நிறுவனம் மறுபதிப்பு செய்தது. இந்த வகை விளையாட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சின்னஞ்சிறு அட்டைக் காய்கள், ஒரு பகடை. இவையெல்லாம் பெட்டியில் பாதிதான். மீதிப் பாதி விதிப்புத்தகம். எதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நின்றால் என்ன ஆகும், எந்தச் சூழலில் பின்வாங்கியே ஆக வேண்டும், தாக்குதலின் விளைவை எந்த அட்டவணையில் பார்ப்பது என்று பத்தி பத்தியாக எண் போட்டு எழுதியிருப்பார்கள். ஒரே விதிகளோடு ஆடினாலும் எந்த இரண்டு ஆட்டமும் ஒன்றுபோல் முடியாது.

சோர்ன் எடுத்துக்கொண்டது இந்த விதிப்புத்தகத்தைத்தான். குண்டுச் சத்தம், அணிவகுப்பு முரசு என்று போரை வர்ணிக்கும் இசையை இதில் தேடினால் ஏமாற்றமே. அதற்கு முன்பே ‘லக்ராஸ்’, ‘ஹாக்கி’, ‘பூல்’, ‘ஆர்ச்சரி’ என்று விளையாட்டுப் பெயர்களில் பல படைப்புகளைச் செய்திருந்தார். எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: சுயமாக, எழுதாமல் வாசிக்கும் கலைஞர்களிடம் அவர்களுடைய மொழியைப் பிடுங்கிக்கொள்ளாமல் ஒரு அமைப்பைக் கொண்டுவருவது எப்படி? ‘கோப்ரா’ அதற்கான பதில்களில் முதிர்ந்தது.

விளையாட்டிலிருந்து இசைக்கு வருகிற வேறு வழிகளும் உண்டு. 1968 மார்ச் 5-ல் டொரண்டோவில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஓவியர் மார்செல் டூஷானும் மேடையில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள். லோவல் கிராஸ் செய்த அந்தப் பலகையின் 64 கட்டங்களுக்கும் அடியில் ஒளி உணரிகள். காய் நகர நகர மற்றவர்கள் உருவாக்கிய மின்னணு ஒலிகளின் பாதை திறந்து மூடியது. ‘ரீயூனியன்’ என்ற அந்த நிகழ்வில் ஆடுபவர் இசைக்காகக் காயை நகர்த்தவில்லை, ஆட்டத்துக்காகத்தான் நகர்த்தினார். இசையமைப்பாளர் ஐயானிஸ் க்செனாக்கிஸின் ‘ஸ்ட்ராடஜி’யில் (1962) இரண்டு வாத்தியக் குழுக்களும் இரண்டு நடத்துனர்களும் புள்ளிக் கணக்கில் மோதுகிறார்கள், கடைசியில் ஒருவர் ஜெயிப்பார். ‘கோப்ரா’வில் பலகையும் இல்லை, புள்ளியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. ஆனாலும் மூன்றிலும் விளையாட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான், ஏனென்றால் ஒவ்வொரு நொடியும் முடிவெடுப்பது வாசிப்பவர்கள்.

மேடையில் நடப்பது இப்படி. பத்துப் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே மேசையில் நிற எழுத்து அட்டைகளோடு ஒருவர். அவருக்கு ‘பிராம்ப்டர்’ என்று பெயர். நடத்துனர் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்பது வாசிப்பவர்கள். ஒரு கிட்டார் கலைஞருக்கு இப்போது ஓடுகிற இசை மாற வேண்டும் என்று தோன்றுகிறது. கையைத் தூக்கிப் பிராம்ப்டரின் பார்வையைப் பிடிக்கிறார். வாய், மூக்கு, கண், காது, தலை, உள்ளங்கை என்று ஆறு இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தொட்டு, விரலால் எண் காட்டுகிறார். இடம் வகையைச் சொல்லும், எண் அந்த வகைக்குள் எந்த உத்தரவு என்று சொல்லும். பிராம்ப்டர் அதற்குரிய அட்டையை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்துகிறார். இசை இன்னும் மாறவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் அசைவதில்லை. அட்டை சடாரென்று கீழே இறங்குகிற கணத்தில்தான் மாற்றம். பதிவில் நீங்கள் கேட்கிற அந்தக் கத்தி வெட்டு இதுதான். பத்துப் பேர் ஒரே புள்ளியில் திரும்புவது தற்செயல் இல்லை, எழுதி வைத்து ஒத்திகை பார்த்ததும் இல்லை.

கைதூக்கியவரைப் பிராம்ப்டர் பார்க்காமலும் விடலாம். ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அந்தத் தேர்வில்தான் அவருடைய ரசனை வெளிப்படும்.

உத்தரவுகளில் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. கேட்பதற்கு உதவுகிறவை சில. ஒரு வகையில், வாசிப்பவர்கள் நிறுத்த, சும்மா இருந்தவர்கள் நுழைவார்கள். இதையே படிப்படியாகக் கலந்து மாறும்படியும் கேட்கலாம். இன்னொன்றில் இருவர் இருவராகப் பேசுவார்கள். ‘ட்ரேட்’ வகையில் ஒலி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். இதன் வேகமான வடிவத்துக்குக் ‘கார்ட்டூன்’ என்று பெயர்: ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறிய சத்தம், அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பறக்கும். ‘ஈவென்ட்’ வகையில் ஒவ்வொருவருக்கும் இத்தனை ஒலி நிகழ்வுகள்தான் என்று கணக்கு. எப்போது செலவழிப்பது என்பது அவரவர் விருப்பம். திடீரென்று இடைவெளிகள் பெருகி, மௌனத்தில் ஒற்றை ஒற்றையாக ஒலிகள் விழுந்தால் அது பெரும்பாலும் இதுதான்.

இரண்டு உத்தரவுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றில் ஆட்கள் மாறுவார்கள், இசை அப்படியே தொடர வேண்டும். அதாவது புதிதாக நுழைகிறவர் முந்தைய குழு செய்ததைப் பிடித்துக்கொண்டு தன் வாத்தியத்தில் நீட்டிக்க வேண்டும். மற்றதில் ஆட்கள் அதேதான், இசை முழுக்க மாற வேண்டும். முதலாவது கடினம். அக்கார்டியனில் ஓடிக்கொண்டிருந்ததை ஹார்ப்பில் தொடர்வது எப்படி என்று அரை நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல பதிவுக்கும் சுமாரானதற்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். சுமாரான குழு இரண்டு உத்தரவுக்கும் ஒரே மாதிரிதான் குதிக்கும்.

தலையைத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினால் அது ஒலி நினைவு. இந்தப் படைப்பின் உயிர் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் முறை அந்த எண் அழைக்கப்படும்போது, அந்த நேரம் ஓடிக்கொண்டிருப்பதை எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: தான் என்ன வாசித்தேன், எந்த ஒலித்தன்மையில், எந்த வேகத்தில், எவ்வளவு சத்தமாக. பின்னால் எப்போது வேண்டுமானாலும் யாராவது அதே எண்ணைக் கேட்கலாம். அட்டை இறங்கியதும் அந்தப் பழைய தருணம் முழுசாகத் திரும்பி வந்து நிற்க வேண்டும். ஸ்வரக் குறிப்பே இல்லாத ஒரு படைப்பில் பல்லவி போல ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. வடிவமே இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்தத் திரும்புதல்களைத் தவறவிட்டிருப்பார்கள். இது பிழையாவதும் எளிது. பதிக்கும்போது தெளிவற்ற கூட்டுச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் திரும்பக் கொண்டுவர அங்கே எதுவும் இருக்காது. எட்டுப் பேர் சேர்ந்து எழுப்பும் இரைச்சலை யாரும் நினைவில் வைக்க முடியாது. ஒரு கிட்டார் சொற்றொடர், இரண்டு அடி டிரம், ஒரு பேச்சுத் துண்டு என்றால் முடியும்.

இவ்வளவும் ஒழுங்கு. இதற்கு எதிராக ஒரு கலகப் பிரிவும் விதியிலேயே இருக்கிறது. நெற்றிப்பட்டை கட்டிக்கொள்கிற கலைஞர் ‘கொரில்லா’ (மறைந்திருந்து தாக்கும் போராளி) ஆகிவிடுவார். அட்டை அவரைக் கட்டுப்படுத்தாது. குழுத் தலைவராகி இரண்டு பேரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குத் தானே உத்தரவும் போடலாம்: என்னைப் போல் வாசி, என்னோடு மாற்றி மாற்றி வாசி, செய்துகொண்டிருப்பதை அப்படியே பிடித்து நில். போர் விளையாட்டின் சொற்கள் நேரடியாக நுழைவது இந்தப் பகுதியில்தான்.

இனி பதிவுகள்.

சுவிட்சர்லாந்தின் ஹாட் ஹட் நிறுவனம் 1987-ல் இரட்டைத் தட்டாக வெளியிட்டது முதலாவது. 1985, 1986-ல் நியூயார்க்கில் பதிவானவை: ஒன்று ஸ்டுடியோ வாசிப்பு, மற்றொன்று மேடை வாசிப்பு. சோர்ன் சாக்ஸபோனைத் தொடவில்லை, பிராம்ப்டராக மட்டும் இருக்கிறார். ஆட்களைப் பாருங்கள்: கிட்டாரில் பில் ஃப்ரிசெல், எலியட் ஷார்ப், ஆர்ட்டோ லிண்ட்சே, ஹார்ப்பில் கரோல் இமானுவேல், ஸீனா பார்க்கின்ஸ், விசைப்பலகைகளில் ஆன்டனி கோல்மன், வெய்ன் ஹார்விட்ஸ், டேவிட் வைன்ஸ்டீன், அக்கார்டியனில் கை க்ளூசெவ்செக், டிராம்போனில் ஜிம் ஸ்டேலி, இசைத்தட்டைச் சுழற்றி ஒலி எழுப்பும் டர்ன்டேபிளில் கிறிஸ்டியன் மார்க்லே, தாள வாத்தியத்திலும் டிரம் மெஷினிலும் பாபி ப்ரெவைட். ஒரே குழுவில் மூன்று கிட்டார், இரண்டு ஹார்ப் என்று இரட்டித்து வைத்திருப்பது வீண் ஆடம்பரம் இல்லை. ஆட்கள் மாறி இசை மாறாத உத்தரவு வரும்போது ஒரு ஹார்ப்பிலிருந்து இன்னொரு ஹார்ப்புக்குத் தாவினால் மாற்றம் நடந்ததே தெரியாமல் நழுவும். ஹார்ப்பிலிருந்து டர்ன்டேபிளுக்குத் தாவினால் தரை மாறியதுபோல் இருக்கும். தேர்வுக்கு இரண்டு வகையும் கையில் வேண்டும்.

மார்க்லேயின் டர்ன்டேபிளும், பதிவான ஒலித்துண்டுகளை விசையால் எழுப்பும் வைன்ஸ்டீனின் சாம்ப்ளரும் இந்தப் பதிவுக்குத் தனி முகம் கொடுக்கின்றன. ஏற்கெனவே பதிவான பழைய இசைத் துண்டுகள் அவற்றிலிருந்து வந்து விழும்போது, மேடையில் வாசிப்பது எது, தட்டிலிருந்து வருவது எது என்று காது தடுமாறும். ஸ்டுடியோ வாசிப்பில் ஒவ்வொரு வாத்தியமும் துலக்கமாகத் தனித்துக் கேட்கிறது. வெட்டுகள் கண்ணாடி உடைந்தாற்போல் சுத்தம். மேடை வாசிப்பில் சிரிப்பும் பதற்றமும் உடன் வரும், ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். புதிதாகக் கேட்பவர் ஸ்டுடியோ வாசிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். விதிகள் காதில் பிடிபட்ட பிறகு மேடை வாசிப்புக்குப் போனால் அதன் கொதிப்பு புரியும். வரிசையை மாற்றினால் கொதிப்பு மட்டுமே கேட்கும்.

குறை என்றால், இந்தக் குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்து நண்பர்கள். ஒருவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று மற்றவருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால் வாசிப்பு மிகக் கச்சிதமாக இருக்கிறது; முன்பின் தெரியாதவர்கள் மோதிக்கொள்ளும் ஆபத்து அதில் குறைவு.

அந்த ஆபத்தைக் கேட்க வேண்டுமானால் ‘டோக்கியோ ஆபரேஷன்ஸ் 94’. ஜப்பானியக் கலைஞர்கள் வாசிக்க, மாக்கிகாமி கோயிச்சி பிராம்ப்டராக இருந்து நடத்தியது. ஜப்பானின் மரபு வாத்தியங்களும் இதில் உண்டு. ஒவ்வொரு மரபு வாத்தியத்துக்கும் ஒலி எழுவதற்கும் அடங்குவதற்கும் தனக்கென்று ஒரு கால அளவு இருக்கிறது. அட்டை இறங்கியவுடன் நில் என்றால் நிற்காத ஒலிகள் அவை. இதனால் வெட்டுகளின் விளிம்பு வேறு மாதிரி ஆகிறது, மௌனத்துக்கும் அதிக இடம் கிடைக்கிறது. படைப்பாளி இல்லாமலே படைப்பு நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இரண்டாவதாகக் கேட்க வேண்டியது இது.

‘லைவ் அட் த நிட்டிங் ஃபேக்டரி’ 1995-ல் வந்தது. 1992-ல் நியூயார்க்கின் அந்த அரங்கில் மாதந்தோறும் வெவ்வேறு குழுக்கள் வாசித்ததிலிருந்து தொகுத்தது. பகுதிகளுக்குப் பாம்பினங்களின் அறிவியல் பெயர்களை வைத்திருக்கிறார்கள். குழு மாறிக்கொண்டே இருப்பதால் முழு ஆட்டத்தின் ஓட்டம் கிடைக்காது. ஒலி நினைவுகள் பதிந்து திரும்பும் நீண்ட பயணத்தைத் தேடுகிறவருக்கு இது ஏமாற்றமே. ஒரே விதி ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்று ஒப்பிட நினைப்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

ட்ஸாடிக் என்ற தன் சொந்த நிறுவனத்தின் வழியே 2002-ல் சோர்ன் வெளியிட்ட பதிவுதான் ஒலித்தரத்தில் முதலிடம். இகுவே மோரியின் மின்னணு ஒலிகள், எரிக் ஃப்ரீட்லாண்டரின் செல்லோ, மார்கஸ் ரோஹாஸின் டூபா என்று கனமும் மென்மையும் விலகி நிற்கும் குழு. வாசிப்பவர்களுக்கு விதிகள் கைவந்த நிலை, தயக்கமே இல்லை. கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றும். 1980-களின் பதிவில் அட்டை உயர்ந்து இறங்குவதற்குள் இருக்கிற அந்த இழுபறி இங்கே வழுவழுப்பாகிவிட்டது.

கேட்கும் முறை பற்றி. பகுதிகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். வரிசை குலைந்தால் நினைவுத் திரும்புதல்கள் அர்த்தமிழக்கும். ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் வழக்கத்தைவிடச் சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்க வேண்டும். காதருகே கிசுகிசுக்கும் ஒரு பகுதியைத் தெளிவாகக் கேட்கச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்த வெட்டில் பத்து வாத்தியமும் ஒன்றாக அறையும். வேறு வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடுவதற்கு உதவாது. முதல் முறை வெட்டுகளை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு வெட்டிலும் மாறியது ஆளா இசையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முறைதான் முன்பு கேட்ட எதுவாவது திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. ஒரு பகுதியையே மூன்று முறை கேட்பது, முழுத் தட்டை ஒரு முறை ஓட்டுவதைவிட மேல்.

பதிவைக் கேட்டுவிட்டுத் தாங்களே வாசித்துப் பார்க்க நினைக்கும் குழுக்களும் உண்டு. அட்டை, தலைப்பட்டை தவிர வேறு செலவு இல்லை, ஆனால் தடுக்கி விழும் இடங்கள் அதிகம். இருக்கை அமைப்பிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லோருக்கும் பிராம்ப்டரும் தெரிய வேண்டும், ஒருவருக்கொருவர் முகமும் தெரிய வேண்டும். ஒரு உயரமான ஆம்ப்ளிஃபயர் நடுவில் நின்றால் இருவர் விளையாட்டுக்கு வெளியே போய்விடுவார்கள். வாசிக்கும்போது உத்தரவு கேட்க ஒரு கை வேண்டும். வயலின், கிட்டார், புல்லாங்குழல் கலைஞருக்கு இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கையால் ஒலியை உயிரோடு வைத்துக்கொண்டு மறு கையால் மூக்கைத் தொடுவதைத் தனியாகப் பழக வேண்டும். பழகாவிட்டால் சும்மா இருப்பவர்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஆட்டம் அவர்கள் கைக்குப் போய்விடும். டிரம்ஸ் ஒன்று போதும். இரண்டு இருந்தால் மென்மையான வாத்தியங்களின் வெட்டுகள் காதில் விழாது.

முதல் ஒத்திகையில் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பக் கூடாது. ஆள் மாற்றம், இசை மாற்றம் இரண்டை மட்டும் வைத்துத் தொடங்கி, குழப்பமில்லாமல் வந்த பிறகு ‘ட்ரேட்’, அதன் பிறகு ஒரே ஒரு ஒலி நினைவு. கொரில்லா விதி கடைசியில்தான். ஒழுங்கு உருவாகும் முன் கலகத்தை அனுமதித்தால் எதை மீறுகிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. உத்தரவு கேட்கும் ஆசையில் எல்லோரும் கைதூக்கிக்கொண்டே இருப்பது இன்னொரு நோய். நான்கு நொடிக்கு ஒரு வெட்டு விழுந்தால் எந்த இசையும் வேர் பிடிக்காது. இங்கே பிராம்ப்டர்தான் துணிந்து கைகளைப் புறக்கணிக்க வேண்டும். மாறாக அவரே தனக்குப் பிடித்ததை மட்டும் எடுக்கத் தொடங்கினால் வாசிப்பவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்போது மீதமிருப்பது சாதாரண நடத்துனரும் குழுவும்தான். ஹாட் ஹட் ஸ்டுடியோ வாசிப்பை இந்தக் கண்ணோட்டத்தோடு இன்னொரு முறை போட்டுப் பார்த்தால், எந்த இடங்களில் சோர்ன் வெட்டாமல் நீளவிட்டிருக்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்.